லென்ஸ் எரர்: அழிப்பானால் தேய்த்தால் போதுமா, தூக்கிப் போடுவதா?

2025 பிப்ரவரி 9, மாலை. நம் கேமரா குழுவில் நெய்வேலி நண்பர் கேட்டது

படம் எடுக்கும்போது கேமரா திடீரென நின்றுவிடுகிறது. 'லென்ஸுக்கும் கேமராவுக்கும் தொடர்பு சரியில்லை, காண்டாக்டைத் துடைக்கவும்' என்று திரையில் வருகிறது. பென்சில் அழிப்பானால் தேய்த்தால் சரியாகும் என்றார்கள். தேய்த்தேன். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. 24-105 எம்எம் ஜூம், எஃப்4 லென்ஸ், வாங்கி ஆறு வருடம். இனி இதற்குச் செலவு செய்வது வீண், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்கிறேன். மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 9, இரவு 10.40. என் பதில்

மறுக்கிறேன். முதலில் அந்த அழிப்பானைக் கீழே வையுங்கள். காண்டாக்ட் என்பது லென்ஸும் கேமராவும் தொட்டுக்கொள்ளும் உலோகப் புள்ளிகள், அவற்றின் மேலிருப்பது மெல்லிய தங்க முலாம். தேய்க்கத் தேய்க்க அது போய்விடும், அழிப்பான் தூளும் கேமரா வாய்க்குள் விழும். அழுக்குதான் காரணம் என்றால் சுத்தமான உலர்ந்த பருத்தித் துணி போதும்.

அழுக்கு காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. அப்பர்ச்சரை (ஒளி புகும் துளை, எண் கூடினால் துளை சுருங்கும்) 4க்குக் கொண்டுவந்து பத்துப் படம் எடுங்கள். அப்புறம் 8க்கு மாற்றிப் பத்து. 4இல் பத்தும் வந்து 8இல் எரர் அடித்தால் நோய் என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் லென்ஸுக்கும் அதே நோய்தான். அதே 24-105. (கம்பெனி பெயரை இங்கே இழுக்க வேண்டாம். போன மாதம் அந்தச் சண்டையில் நாற்பது பதிவு வீணாய்ப் போனது.)

பிப்ரவரி 10, காலை

ஏன் 4, ஏன் 8 என்று வடலூர்க்காரர் கேட்டிருக்கிறார்.

வியூஃபைண்டரில் நாம் பார்க்கும்போது அப்பர்ச்சர் முழுதாகத் திறந்தே இருக்கும். நீங்கள் 8 வைத்தாலும் 16 வைத்தாலும் அப்படித்தான். பட்டனை அழுத்தும் அந்தக் கணத்தில் மட்டும் லென்ஸுக்குள் இருக்கும் குட்டி மோட்டார் துளையைச் சுருக்கும் இதழ்களை மூடித் திறக்கிறது. 4 என்பது அந்த லென்ஸின் முழுத் திறப்பு. இதழ்கள் அசையவே வேண்டாம், மோட்டாருக்கு வேலையில்லை. 8க்கு அசைய வேண்டும். கேமரா ஆணை கொடுக்கிறது, மோட்டாரிடமிருந்து பதில் இல்லை, உடனே 'தொடர்பு சரியில்லை' என்று கையை விரிக்கிறது. திரையில் வரும் செய்தியில் பொய் இல்லை. அறுந்த இடம்தான் வேறு. நாம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம், அடைப்பு கொல்லைப்புறத்தில்.

பிப்ரவரி 11

நெய்வேலியிலிருந்து பதில் வந்துவிட்டது. 4இல் பத்துக்குப் பத்து. 8இல் வைத்தால், ஜூம் 24 முதல் 40 வரை வருகிறது, 50ஐத் தாண்டினால் எரர்.

அப்படியானால் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அப்பர்ச்சர் மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோவது காகிதம்போல மெல்லிய ஒரு பட்டை. ஃப்ளெக்ஸ் கேபிள் என்பார்கள். ஜூமைத் திருகும்போதெல்லாம் அது மடங்கி விரியும். ஆறு வருடம் மடங்கி விரிந்தால் உள்ளே ஓடும் செம்புக்கோடு ஓரிடத்தில் விரிசல் விடும். சில நிலையில் விரிசல் ஒட்டிக்கொள்ளும், சில நிலையில் விலகும். பழைய ஹெட்போன் வயரை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் பாட்டு கேட்குமே, அதே கதை. நீங்கள் அழிப்பானால் தேய்த்து 'இரண்டு நாள் ஓடியதே', அந்த இரண்டு நாளும் அகலக் கோணத்தில், 50க்குக் கீழேதானே எடுத்தீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடிகள் நன்றாக இருக்கின்றன, ஃபோகஸ் மோட்டார் ஓடுகிறது, ஒரு பட்டை அறுந்திருக்கிறது. இதற்காகவா தூக்கிப் போடுவது?

பிப்ரவரி 16, ஞாயிறு

சரி, என் கதை. நீளம்தான். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்.

தை மாதம் திருப்பாதிரிப்புலியூரில் சித்தப்பா மகள் கல்யாணம். நான் தொழில்முறை ஆள் இல்லை. வீட்டுக்காரன் என்ற உரிமையில் மேடையோரம் நின்றுகொண்டிருந்தேன். ஊஞ்சல், பாத பூஜை எல்லாம் ஒழுங்காக எடுத்தேன். மண்டபத்தில் வெளிச்சம் கம்மி, அதனால் எல்லாமே 4இல். தாலி கட்டும் நேரம் வந்தது. மாப்பிள்ளை, பெண், பின்னால் பெற்றோர் எல்லோரும் தெளிவாக வர வேண்டும் என்று ஃபிளாஷைப் போட்டு 8க்கு மாற்றினேன். என் வாழ்க்கையில் எடுத்த மிகச் சரியான தொழில்நுட்ப முடிவு அது. கெட்டிமேளம் என்றார்கள், அழுத்தினேன், வியூஃபைண்டர் இருண்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மறுபடி அழுத்தினேன், மறுபடி இருட்டு. மூன்றாவது முறை பேட்டரி மூடியைத் திறக்கும்போது நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடித்துவிட்டார். எங்கள் பக்கத்து ஆல்பத்தில் தாலி கட்டும் படம் மாமாவின் மொபைலில் எடுத்தது. ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் உண்டு.

மறுவாரம் புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். எந்தத் தெரு, எந்தக் கடை என்று கேட்காதீர்கள். காரியம் அங்கே நடக்கவில்லை, பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது. கவுண்டரில் இருந்த தம்பி லென்ஸை வாங்கி, கேமராவில் மாட்டி, ஒரு படம் எடுத்து, எரர் வந்ததும் 'மதர்போர்டு போயிடுச்சு சார்' என்றார். ஒரே படத்தில் நோய் கண்டுபிடித்த வைத்தியரை அன்றுதான் பார்த்தேன். உள்ளே கொடுத்துத் திறந்து பார்க்கிறோம் என்றார்கள். நான்கு நாள் கழித்து எஸ்டிமேட் 9,500. வேண்டாம் என்றேன். பார்த்த கூலி 300 வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

கடலூர் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்தில் பாதி நாள் ஓடிய லென்ஸ், தாலியில் மட்டும் ஏன் நின்றது? மதர்போர்டு போயிருந்தால் ஊஞ்சலிலேயே போயிருக்க வேண்டுமே. முள்ளோடை வருவதற்குள் பஸ்ஸிலேயே லென்ஸை மாட்டி 4, 5.6, 8 என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, தன்னைத்தான் எடுக்கிறேன் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். படம் வந்தது 4இல் மட்டும். அந்த அம்மாவும் அழகாக வந்திருக்கிறார்.

பிப்ரவரி 17

திருத்தம்: 9,500 இல்லை, 8,500. சீட்டு சட்டைப்பையில் கிடைத்தது. துவைத்த சட்டை, ஆனாலும் 8 நன்றாகத் தெரிகிறது.

பிப்ரவரி 18

'கடைக்காரர் மீது பழி போடுகிறீர்கள், அவர் உள்ளே திறந்து பார்த்துத்தானே சொன்னார்' என்று விழுப்புரம் அண்ணன். நியாயமான கேள்வி. திறந்து பார்த்தார், சந்தேகமில்லை. ஆனால் திறக்கும் முன் என்ன தேடுகிறோம் என்று தெரிய வேண்டாமா? நானும் லென்ஸை நீட்டும்போது 'எரர் வருகிறது' என்றேனே தவிர, '4இல் வரவில்லை, 8இல் வருகிறது' என்று சொல்லவில்லை. வயிற்றுவலி என்று போனால் அவர் எதையாவது அறுக்கத்தான் செய்வார். பாதிக் குற்றம் என்னுடையது.

மார்ச் 13

நேற்று மாசி மகம். லென்ஸ் இன்னும் ரிப்பேருக்குப் போகவில்லை. நேரமில்லை என்பது பொய், சோம்பல்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு அதே லென்ஸோடு போனேன். நாள் முழுக்க 4இல் மட்டும் எடுப்பது என்று முடிவு. வெளிச்சம் ஒரு பிரச்சினை இல்லை. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் 4 என்றால் ஷட்டர் 1/1600 வினாடி பக்கம் நிற்கும், எந்தக் கேமராவும் தாங்கும். பிரச்சினை ஆழத்தில், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்பதில். சுற்றுவட்டாரத்துச் சாமிகள் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. 11 வைத்தால் முதல் பல்லக்கிலிருந்து நான்காவது பல்லக்கு வரை கிடைக்கும். 4இல் முதல் சாமி மட்டும் தெளிவு, மற்றவை மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்துவிடுகின்றன. தீர்த்தவாரியில் மாலையிலிருந்து தண்ணீர் சொட்டும் ஒரு படம், பூசாரியின் முழங்கை மட்டும் கூர்மையாக, பின்னால் அலை பால்போல. நான் 8இல் எடுத்திருந்தால் இப்படி வந்திருக்காது. வீட்டில் காட்டினேன். 'அப்ப ரிப்பேர் வேண்டாம்ல' என்றார்கள். பேச்சை மாற்றினேன்.

மார்ச் 23

நேற்றுச் சென்னை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரில் மின்சார ரயில் பிடித்து எழும்பூர், அங்கிருந்து ஆட்டோவில் எல்லிஸ் ரோடு. முன்பு ஒரே பஸ்ஸில் ஊருக்குள் போய் இறங்குவோம், அந்தக் காலம் போயிற்று.

மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு குழல்விளக்கு, மேசை முழுக்கப் பழைய பிலிம் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அளவு ஸ்க்ரூ. ரிப்பேர் செய்யும் பாய்க்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நான் வாயைத் திறந்து '4இல் வருகிறது, 8இல்...' என்றதும், 'அம்பதுக்கு மேலயா, கீழயா?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே காசு கொடுக்கலாம்.

லென்ஸைக் கேமராவில் மாட்டும் மவுண்ட் பக்கத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தவர், 'இதைத் திறந்தது யாரு?' என்றார். மவுண்ட்டில் இருந்த நான்கு ஸ்க்ரூவில் ஒன்றின் தலை மழுங்கிக் கிடந்தது. பிளஸ் குறி இருந்த இடத்தில் வட்டக் குழி. எனக்கு விளங்கவில்லை. அவர் இரண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று சாதாரண பிலிப்ஸ், மற்றது ஜப்பான் அளவு, ஜே.ஐ.எஸ். என்கிறார்கள். ஜப்பான் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் முனை அடிவரை இறங்காது, மேலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். பலம் கொடுத்தால் வழுக்கி வெளியே வரும், வரும்போது தலையையும் சுரண்டிக்கொண்டு வரும். முந்நூறு ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது அந்தக் குழி.

மழுங்கிய ஸ்க்ரூவின் மேல் அகலமான ரப்பர் துண்டு ஒன்றை வைத்து, டிரைவரை அதன் மேல் அழுத்தி, மூச்சைப் பிடித்து ஒரு திருப்பு. கழன்றது. மவுண்ட்டை எடுத்ததும் அதன் அடியில் வெள்ளிக் காகிதம்போல இரண்டு மெல்லிய தகடுகள். அவற்றைத் தொடாமல் சாமணத்தால் எடுத்து, எது எங்கே இருந்தது என்று மேசையில் பென்சிலால் குறித்துக்கொண்டார். சென்சாருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைச் சரிக்கட்டும் தகடுகளாம். ஒன்று தொலைந்தாலும் ஃபோகஸ் கணக்கு தப்பிவிடும் என்றார். வீட்டிலேயே திறந்து பார்க்கலாமா என்று சில பேர் இங்கே கேட்டீர்களே, அந்தத் தகட்டை நான் பார்த்தேன். தும்மினால் பறந்துவிடும்.

கேபிள் வர ஒரு வாரம். கூலியோடு 4,200. போகும்போது டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, 'தம்பி, இதையும் பாருங்க' என்றார். முன்கண்ணாடிக் கூட்டத்துக்குப் பின்னால், ஓரத்தில், சிலந்தி நூல்போல வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சை. அதைச் சுத்தம் செய்ய இன்னொரு 800.

ஆக 5,000. நெய்வேலி நண்பரே, கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு, மதியம்

நேற்று வாங்கி வந்தேன். எரர் இல்லை. 24இல் இருந்து 105 வரை, 4இல் இருந்து 22 வரை திருகித் திருகி எடுத்துவிட்டேன்.

ஆனால் படத்தின் இடதுபக்கம் மங்கல். மொட்டைமாடிச் சுவரில் நாளிதழை விரித்து ஒட்டி, ஆறடி தூரத்தில் ட்ரைபாட் வைத்து, 105இல், முழுத் திறப்பில் எடுத்தேன். வலதுபக்கத் தலைப்பு கத்திபோல இருக்கிறது, இடதுபக்க வரிவிளம்பரம் கஞ்சி. திரும்ப மாட்டும்போது கண்ணாடியைக் கோணலாக உட்கார வைத்துவிட்டார் என்பது உறுதி. சென்னை என்றால் ஒழுங்கு என்று நம்பியது என் முட்டாள்தனம். போன் போட்டுக் கேட்டேன், கொஞ்சம் காட்டமாகவே. அவர் 'தலைகீழாப் புடிச்சு ஒண்ணு எடுங்க தம்பி' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கிண்டல்! ஐயாயிரம் கொடுத்தவனிடம் கிண்டல்!

ஏப்ரல் 6, இரவு

மேலே எழுதியதை அழிக்கலாம் என்று பார்த்தேன். ஏழு பேர் பதில் போட்டுவிட்டார்கள். இருக்கட்டும்.

ஏப்ரல் 8

விழுப்புரம் அண்ணன்தான் விளக்கினார். பாய் கிண்டல் செய்யவில்லை, வைத்தியம் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடி கோணல் என்றால் மங்கல் லென்ஸோடு ஒட்டியது. கேமராவைத் தலைகீழாக்கினால் மங்கலும் சுவரின் மறுபக்கத்துக்குப் போக வேண்டும். அப்படிப் போகாமல் நாளிதழின் அதே பக்கமே மங்கினால், லென்ஸ் நேர், சுவருக்கும் கேமராவுக்கும்தான் கோணல். எடுத்தேன். மங்கியது அதே வரிவிளம்பரம்.

நூல்கண்டை எடுத்து லென்ஸ் முனையிலிருந்து நாளிதழின் இரண்டு ஓரத்துக்கும் அளந்தேன். இடது ஓரம் பத்து சென்டிமீட்டர் அதிக தூரம். போதாக்குறைக்கு ஃபோகஸ் வைத்ததும் வலதுபக்கத் தலைப்பில். ஆறடியில், 105இல், 4 வைத்தால் தெளிவாக நிற்கும் ஆழம் மொத்தமே ஏழு சென்டிமீட்டர்தான், அதில் பாதி முன்னால் போய்விடும். வரிவிளம்பரம் கஞ்சியாகாமல் என்ன செய்யும்? மாசி மகத்தில் இரண்டாவது சாமி கரைந்ததை மார்ச்சில் நானேதான் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

நூலால் அளந்து இரண்டு பக்கமும் சமமாக்கி மறுபடி எடுத்தேன். நான்கு மூலையும் ஒன்றுபோல. இந்தப் படத்தைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை எடுத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 9

பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லையா என்கிறீர்கள். ஆமாம், போன் போட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. நேரில் போகிறேன்.

ஏப்ரல் 20

பூஞ்சை பற்றித் தனியாக எழுதச் சொல்லி மூன்று பேர். தனி இழை வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது, அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, சுவர் வியர்த்துக்கொண்டே இருந்தது, பீரோவின் அடித்தட்டில் கேமரா பை. அங்கேதான் பூஞ்சை பிடித்தது என்று என் கணிப்பு. காற்றில் ஈரப்பதம் அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் கடற்கரையில் அது அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கும் நாளைத்தான் தேட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய விரல் எண்ணெய், தூசி இதெல்லாம் அதற்குச் சாப்பாடு. இருட்டும் காற்றோட்டமின்மையும் வேறு. நாம் பத்திரம் என்று நினைத்துப் பீரோவில் பூட்டுவதெல்லாம் பூஞ்சைக்குப் பந்தி விரிப்பது.

சீக்கிரம் பார்த்தால் துடைத்து எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றுவிடும், அப்புறம் பூஞ்சை போனாலும் தடம் போகாது. என்னுடையதில் பெரணி இலைபோல ஒரு சின்னத் தடம் நின்றுவிட்டது. படத்தில் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது.

இப்போது ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. வெளியே 82 காட்டும்போது உள்ளே 44. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றால் போதும், எலும்பாய்க் காயவைக்கத் தேவையில்லை. அரிசிப் பானையில் வைக்கலாமா என்று கேட்ட பரங்கிப்பேட்டைத் தம்பிக்கு: வைக்காதே. தவிட்டுத் தூள் ஜூம் வளையத்துக்குள் போகும். அரிசியிலேயே ஈரம் உண்டு.

ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். தோசைக்கல்லில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

ஏப்ரல் 21

தோசைக்கல் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். நீல நிறம் கோபால்ட் குளோரைடால் வருவது, அது விஷம், சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது என்று கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் அக்கா ஒருவர் திட்டியிருக்கிறார். ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையை வாங்கு, அதில் கோபால்ட் இல்லை, அதையும் சமையலறைக்குக் கொண்டுபோகாதே என்றும் சொல்லியிருக்கிறார். சரி அக்கா. அந்தத் தோசைக்கல் இப்போது மொட்டைமாடியில் ஜெல்லுக்கென்றே இருக்கிறது. கல் பதினாறு வருடம் பழகியது, மாமியார் கொடுத்தது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஏப்ரல் 27

வெயிலில் வைத்தால் பூஞ்சை சாகும் என்று இங்கே நான்கு பேர். புற ஊதாக் கதிர் பூஞ்சைக்கு ஆகாது என்பது சரிதான். ஆனால் செத்தாலும் பிணம் உள்ளேயேதான் கிடக்கும், துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நானும் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் லென்ஸை நிறுத்தி, இரண்டு மூடியையும் கழற்றி, அடியில் துண்டை விரித்துவிட்டு மோர் குடிக்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது துண்டில் மிளகளவு ஓட்டை, சுற்றிலும் கருகல் வாசனை. கேமராவிலிருந்து கழற்றினால் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்துதான் நிற்கும் என்று பிப்ரவரியிலிருந்து பாடம் நடத்துகிறவன் நான். முழுத் திறப்பில் சூரியனைக் காட்டினால் அது லென்ஸ் இல்லை, அடுப்பு.

மே 4

கொஞ்சம் திசை மாறுகிறது, மன்னிக்கவும். இன்று புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய கடிகாரமும் சைக்கிள் டைனமோவும் கிடந்த சாக்கின் மேல் ஒரு ஹீலியோஸ் 44-2. ரஷ்யாக்காரன் செய்த 58 எம்எம் லென்ஸ். 1,500 சொன்னார், 900க்குக் கொடுத்தார். இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறது. 'எண்ணெய் பட்ட லென்ஸா, ஏமாந்துட்டீங்க' என்கிறார் வடலூர்க்காரர். நம் 24-105 போன்றதில் எண்ணெய் பட்டால் இதழ் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும், படம் வெளுக்கும், உண்மை. இதில் இதழை மூடுவது என் விரல். மோட்டாரும் இல்லை, அவசரமும் இல்லை. எண்ணெய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதையே நிக்கானில் மாட்டிய நண்பருக்குத் தூரத்துக் கப்பல் தெளியவில்லை. லென்ஸ் கோளாறு என்று அதைத் திறக்கப் போனார், தடுத்துவிட்டேன். ஹீலியோஸ் எம்42 என்ற திருகு மவுண்ட் வகை, சென்சாரிலிருந்து 45.46 மில்லிமீட்டரில் உட்கார வேண்டும். நிக்கான் எஃப் மவுண்ட் 46.5. லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் தள்ளியே உட்காரும், கிட்டத்தில் இருப்பது மட்டும்தான் தெளியும். கேனான் இஎஃப் மவுண்ட்டில் 44 என்பதால் நடுவில் வளையம் போட இடம் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை பாடு. பாய் அந்தத் தகட்டுக்குப் பென்சில் குறி போட்டது ஏன் என்று இப்போது விளங்குகிறது.

மே 25

நேற்றுப் பாயைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெறும் கையோடு போக மனம் வரவில்லை. பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கினேன், பதினொரு கிலோ. அதைக் கிளாம்பாக்கம் வரை மடியில் வைத்துப் பாருங்கள் தெரியும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடவா வேண்டாமா என்று இரண்டு முறை யோசித்துவிட்டு, 'வாசனைக்கே போடணும்' என்றார். மின்சார ரயிலில் என்னைச் சுற்றி இடம் தாராளமாகக் கிடைத்தது.

மாடியேறி மேசைமேல் வைத்தேன். டப்பாவெல்லாம் ஒருமுறை குலுங்கியது. 'அன்னிக்குப் பேசினது தப்பு பாய், சுவர்தான் கோணல்' என்றேன். அவர் பழத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேசையில் நல்லெண்ணெய் இல்லையே, கடிகார எண்ணெய்தான் இருக்கிறது என்றார். கோணல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே டீக்கடையிலிருந்து கத்தியும் எண்ணெயும் வந்தன. அரை மணி நேரம் அந்த அறையில் ஒரு லென்ஸும் திறக்கப்படவில்லை. பால் பிசுக்கோடு எப்படித் திறப்பது?

பழைய கேபிளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். விரல் நீளம்கூட இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மடிப்பில் முடிபோல ஒரு கோடு. தாலி கட்டும் படம் போனது இதனால்.

ஜூன் 8

நெய்வேலி நண்பர் நான்கு மாதம் கழித்துத் தலைகாட்டியிருக்கிறார். மார்ச்சிலேயே புது லென்ஸ் வாங்கிவிட்டாராம். இத்தனை பதிவும் யாருக்காக எழுதினேனோ! பழையது 'சும்மாதான் கிடக்கிறது, வேண்டுமானால் 3,000 கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்.

எடுத்துக்கொண்டேன். நேற்று வடலூர் பஸ் நிலையத்தில் கைமாறியது. டார்ச் அடித்துப் பார்த்தேன், பூஞ்சை இல்லை, நெய்வேலி காற்று நம்மூரைவிட உலர்ந்தது போலிருக்கிறது. மவுண்ட் ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு அழிப்பான் தூள்.

பாய்க்குப் போன் செய்து, அதே நோய், இன்னொன்று கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுவாங்க என்றார். வைக்கும் முன், 'தம்பி, இந்த வாட்டி முந்திரி போதும்' என்றார்.